வீட்டு நலப் பகுதி: புகைக்கும் வழி விடுங்கள்

மாதுங்காவிலிருந்து சகோதரி ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். “வாடகை வீட்டில் இருக்கிறோம். மார்கழி பிறக்குமுன் காஸ் கீஸர் ஒன்று வாங்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். மின்சாரத்தைவிடச் செலவு குறைவாம். பார்க்க வந்த மிஸ்திரியோ, குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிடலாம், புகைக்குழாய் எல்லாம் வீண் செலவு என்கிறார். குளியலறை மிகச் சிறியது. மாட்டலாமா?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டக் கூடாது. அந்த மிஸ்திரி வீண் செலவு என்று தள்ளிய குழாய்தான் அக்கருவியில் உயிரைக் காக்கும் உறுப்பு. இவ்வாறு கேட்காமலே மாட்டிக்கொண்டவர்கள் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பலர் இருப்பார்கள். ஆகையால், ஏன் கூடாது, எங்கே எப்படி மாட்டினால் அபாயமில்லை என்பவற்றை இம்மாதம் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் எஞ்சினீயர் அல்லன். ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும் இது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடிய விஷயமே.

மறைந்துபோன புகைக்கூண்டு

நம் ஊர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுக்களைக் கூரையில் புகைக்கூண்டு ஒன்று இருக்கும். விறகடுப்பின் புகை கண்ணைக் கரித்தது, சுவரைக் கருக்கியது, அதற்கு ஒரு வழி விடாமல் அடுக்களையில் நிற்க முடியாது. எனவே கொத்தனாருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. புகையே பாடம் சொல்லிக் கொடுத்தது.

பம்பாய்க்கு வந்த நம் முன்னோர் கரியடுப்பையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வைத்துக் காலம் தள்ளினார்கள். எரிவாயு இந்நகரத்துக்குப் புதிதன்று. 1865-ஆம் ஆண்டிலேயே இங்கு வீதிகளில் காஸ் விளக்குகள் ஏற்றப்பட்டன. ஆயினும் சாதாரணக் குடும்பத்தின் அடுக்களைக்குள் அது நுழைந்தது வெகு காலத்துக்குப் பின்னரே. 1955-ல் பர்மா ஷெல் கம்பெனியார் இந்நகரில் சிலிண்டர் காஸ் விற்கத் தொடங்கினர். அதே ஆண்டில் செம்பூரை அடுத்த மாஹுலில் அவர்களுடைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நடக்கத் தொடங்கியது. அதுவே இன்று பாரத் பெட்ரோலியத்தின் ஆலை. 1995-ல் மகாநகர் காஸ் நிறுவனம் அமைந்தபின், குழாய் வழியாகவே இயற்கை எரிவாயு வீடுகளுக்கு வரலாயிற்று.

இது பெரிய நன்மை. பெண்களின் கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பின. ஆனால் நன்மையோடு ஒரு மறதியும் வந்து சேர்ந்தது. நீலச் சுடரில் புகை தெரிவதில்லை. தெரியாததால் புகையே இல்லை என்று எண்ணிவிட்டோம். புதிய கட்டடங்களில் புகைக்கூண்டு மறைந்தது. உள்ளே வரும் எரிவாயுக் குழாயைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். வெளியே போக வேண்டிய புகையின் குழாயைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

எரிவது எதுவாயினும் அதற்குப் புகை உண்டு. காஸ் நன்றாக எரிந்தால் வருவது கரியமில வாயுவும் நீராவியும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது, இருமலும் வராது. காஸ் கசிந்தால் நாறும்படி அதில் நாற்றப் பொருள் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றப் பொருள் நெருப்பில் எரிந்துபோகிறது. ஆகவே எரிந்தபின் வரும் நச்சுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை. நம் இரத்தத்தின் செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்நச்சைப் பற்றிக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டே இருக்கும். மூளைக்கோ பிராணவாயு போய்ச் சேராது.

காற்றின் கணக்கு

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீஸர் இப்போது கடைகளில் சாதாரணம். அந்நீரின் சூட்டை 20 டிகிரி உயர்த்த வேண்டுமானால், அதற்கு எரியும் காஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 முதல் 6 கன அடிக் காற்றை உண்ணும். நம் குடியிருப்புகளில் குளியலறை 4 அடி அகலம், 5 அடி நீளம், 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 160 கன அடி. கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஒருவர் பத்து நிமிடம் குளித்தால், கீஸர் 50 முதல் 60 கன அடிக் காற்றைத் தின்றுவிடும். அறைக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. குளிப்பவருக்கு மிஞ்சுவது கீஸர் உண்டு கழித்த காற்று.

இது இத்துடன் நிற்பதில்லை. அறையில் பிராணவாயு குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரியத் தொடங்கும். நச்சு வாயு மேலும் மேலும் பெருகும். முதல் ஐந்து நிமிடத்தைவிட அடுத்த ஐந்து நிமிடம் பன்மடங்கு அபாயமானது. நேற்று ஒன்றும் நேரவில்லையே என்பவர்கள் நேற்று ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பார்கள்.

நம் வழக்கங்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவோருக்கு அரைமணி நேரம் கூடப் பிடிக்கும். தீபாவளியன்று விடியுமுன் வீட்டில் உள்ள ஐந்தாறு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பார்கள். கீஸர் அணைவதே இல்லை. குளிருக்காக ஜன்னல்களும் மூடியிருக்கும். முதலில் குளித்தவருக்கு நல்ல காற்று. கடைசியில் குளிக்கப் போகிறவர் யார்? எல்லோருக்கும் எண்ணெய் வைத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டுப் போகும் தாயார்தான்.

இந்நகரில் இவை வெறும் ஏட்டுக் கணக்காக நின்றுவிடவில்லை. 2020 ஜனவரியில் போரிவலியில் குளிக்கச் சென்ற பள்ளி மாணவி ஒருத்தி காஸ் கீஸரின் நச்சு வாயுவால் மயங்கி, பின்னர் இறந்தாள். 2023 மார்ச்சில் ஹோலிப் பண்டிகையன்று காட்கோபரில் ஒரு தம்பதியர் குளியலறையில் இறந்து கிடந்தபோதும், காஸ் கீஸரின் மீதே சந்தேகம் எழுந்தது.

புகைக்குழாய் அமைக்கும் முறை

ரயில்வேயில் ‘லைன் கிளியர்’ கிடைக்காமல் வண்டி நிலையத்தை விட்டு நகராது. நெருப்புக்கும் அதே விதிதான். காற்று உள்ளே வர ஒரு வழி, புகை வெளியே போக ஒரு வழி, இவ்விரண்டும் உறுதியானபின்னரே கீஸரைப் பற்றவைக்கலாம்.

முதலாவது, இடம். கீஸர் குளியலறைக்குள் இருக்கலாகாது. காற்றோட்டமுள்ள வெளிப்புறத்தில், அதாவது திறந்த பால்கனியிலோ வெளித்தாழ்வாரத்திலோ மழை படாதபடி மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் கொண்டுவருவதே மேலானது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்த பால்கனி வெளிப்புறம் ஆகாது. அதுவும் ஓர் அறையே.

இரண்டாவது, வீட்டுக்குள் மாட்ட நேர்ந்தால் புகைக்குழாய் பொருத்துவதற்கு என்றே செய்யப்பட்ட கீஸரைத்தான் வாங்க வேண்டும். குழாய் பொருத்த வாயில்லாத கீஸருக்கு நாமாக ஒரு தகரக் கூம்பு செய்து மாட்டுவது பயன்படாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குக. சிலிண்டர் காஸுக்கென்று செய்த கருவியைக் குழாய் காஸுடன் இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் அழுத்தமும் வேறு, காஸ் பாயும் துளையின் அளவும் வேறு. மாற்றுவதானால் அதற்கு உரிய பாகங்களைக் கொண்டு அங்கீகாரம் பெற்றவரே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, குழாயின் அளவு. கீஸரின் புகைவாய் எத்தனை அங்குலமோ, குழாய் கடைசிவரை அத்தனை அங்குலம் இருக்க வேண்டும். சுவரில் துளை சிறிதாகிவிட்டது என்று நடுவில் ஒடுக்கிவிடுவார்கள், இடம் கொடுக்கலாகாது. குழாய் உலோகமாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு உபயோகிக்கும் பிளாஸ்டிக் குழாய் புகையின் சூட்டில் இளகி வளைந்து, இணைப்பு விட்டுவிடும்.

நான்காவது, குழாயின் போக்கு. சூடான புகை இலேசானது. மேலே போவதே அதன் இயல்பு. அந்த இயல்புக்கு விரோதமில்லாமல் வழி அமைக்க வேண்டும். கீஸரின் தலையிலிருந்து குழாய் முதலில் நேராக மேலெழ வேண்டும். பிறகுதான் சுவரை நோக்கித் திரும்பலாம். திரும்பியபின்னும் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சாய்ந்து செல்ல வேண்டும். குறுக்கே போகும் நீளம் குறைவாக இருக்கட்டும்; வளைவுகள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயாயின், நடுவில் தொய்ந்து தொட்டில்போல் தொங்கவிடாதீர்கள். புகையிலுள்ள நீராவி அத்தொட்டிலில் குளிர்ந்து நீராகத் தேங்கி வழியை அடைத்துவிடும்.

ஐந்தாவது, இணைப்பு. ஒரு குழாய் மற்றொன்றினுள் நன்றாகச் செருகி இருக்க வேண்டும். உலோகத் திருகுகளால் இறுக்க வேண்டும். இடுக்குகளைச் சூடு தாங்கும் பசையாலோ அலுமினிய நாடாவினாலோ மூட வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் நாடா சில நாளில் கருகி உதிரும். குழாய்க்குச் சுவரில் உறுதியான பிடிப்பு வேண்டும். மரப்பலகை, திரைச்சீலை, மின்சாரக் கம்பி ஆகியவற்றிலிருந்து அரை அடியாவது விலகியிருக்க வேண்டும்.

ஆறாவது, குழாயின் முடிவு. அது திறந்த வெளியில் முடிய வேண்டும். நம் வீட்டு ஜன்னலுக்கோ மேல்வீட்டு ஜன்னலுக்கோ அடியில் முடியக் கூடாது. மழையும் புறாவும் நுழையாதபடி தொப்பி ஒன்று வேண்டும். இந்நகரத்துப் புறாக்களைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கீஸர் ஓய்ந்திருக்கும்போது குழாய்க்குள் கூடு கட்டிவிடும். மார்கழியில் நாம் அறியாமல் பற்றவைப்போம்.

ஏழாவது, காற்று வரும் வழி. கீஸர் இருக்கும் அறையில் மூட முடியாத துளைகள் இரண்டு வேண்டும்: ஒன்று தரையருகே, மற்றொன்று கூரையருகே. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். குழாய் காஸ் இலேசானது, மேலே ஏறும். ஆதலால் இவ்விரண்டு துளைகளும் கசிவுக்கும் உதவும். குளிர் வருகிறது, கொசு வருகிறது என்று அட்டை வைத்து அடைக்காதீர்கள். கொசுவுக்கு வலை போதும்.

எட்டாவது, பலரும் அறியாத ஒரு விஷயம். அடுக்களையிலோ குளியலறையிலோ ‘எக்ஸாஸ்ட்’ விசிறி ஓடும்போது, அது வீட்டிலிருந்து காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால், புகைக்குழாயின் வழியாகவே வந்துவிடும். வெளியே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். நல்ல குழாய் போட்ட வீட்டிலும் இது நேரலாம். ஆகவே கீஸர் எரியும்போது விசிறி ஓடினால் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும்.

இவற்றைச் சோதிக்க ஓர் எளிய வழியுண்டு. முதலில் சோப்பு நுரையைக் காஸ் இணைப்புகளில் தடவி, குமிழி வராமையால் கசிவில்லை என்று தெரிந்துகொள்க. தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பானது. கசிவில்லை என்று உறுதியானபின் கீஸரைச் சில நிமிடம் எரியவிட்டு, புகைக்குழாய் தொடங்கும் இடத்தருகே ஊதுபத்தியைக் காட்டுக. அதன் புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் நலம். நம் பக்கம் திரும்பி வந்தால் உடனே அணைத்துவிட்டு, பழுது பார்க்கும் வரையில் தொடாதீர்கள். சுடர் மஞ்சளாக எரிவதும், கீஸரின்மேல் கரி படிவதும் கெட்ட அறிகுறிகள். ஆனால் சுடர் நீலமாக இருப்பதே போதிய அத்தாட்சி என்று கொள்ள வேண்டாம்.

‘டக்ட்’ என்னும் பொதுவழி

மாதுங்கா, செம்பூர்க் கட்டடங்களில் குளியலறை ஜன்னல் பெரும்பாலும் ‘டக்ட்’ என்னும் ஒடுங்கிய கிணறு போன்ற இடைவெளியைப் பார்த்தே இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் இடமும் அதுவே. கீஸரின் புகையை இதில் விட்டுவிட்டு, வெளியே விட்டோம் என்று பலர் திருப்தி அடைகிறார்கள். அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? மழைக்காகச் சில கட்டடங்களில் உச்சியில் தகடு போட்டு மூடியிருப்பார்கள். அப்படியானால் அது வெளி அன்று. எல்லா வீட்டுக் குளியலறைகளையும் இணைக்கும் ஒரு பொது அறை. இரண்டாம் மாடியார் விட்ட புகை நான்காம் மாடியாரின் ஜன்னல் வழியே நுழையும். அந்த வீட்டில் காஸ் கீஸரே இல்லாதிருக்கலாம். தலைவலி மட்டும் இருக்கும்.

ஆதலால் ‘டக்ட்’டின் உச்சி திறந்திருக்கிறதா, புறா வலையில் குப்பை அடைந்திருக்கிறதா என்பதைச் சொசைட்டியார் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். ஒடுங்கிய ‘டக்ட்’டில் புகையை விடாமல், கட்டடத்தின் வெளிச்சுவர் பக்கமாகவே குழாயைக் கொண்டுபோவதுதான் முறை.

தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் நிலைமை வேறு. அங்கே மூலையிலுள்ள மோரியே குளிக்கும் இடம், அடுப்பும் அருகில், மேலே மாளா என்னும் பரணில் பிள்ளைகள் உறங்குவார்கள். அவ்வறையில் விடியற்காலையில் கீஸரை ஏற்றினால், சூடான புகை முதலில் போய்ச் சேரும் இடம் அப்பிள்ளைகள் தூங்கும் பரண். அத்தகைய வீட்டுக்குக் காஸ் கீஸரே வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து. தரையிணைப்பு ஒழுங்காக உள்ள சிறு மின்சாரக் கீஸர் நல்லது. அதற்கு வசதியில்லையேல், ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பில் வெந்நீர் காய்ச்சி, அடுப்பை அணைத்தபின் குளிப்பது நல்லது. மாளாவுக்குச் சிறு ஜன்னலாவது இருக்க வேண்டும்.

கடல் கடந்த வீடுகளில்

நேயர்களில் பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அங்கே வெந்நீருக்கு மட்டுமன்றி, வீடு முழுவதையும் சூடாக்கவும் காஸ் உலை வைக்கிறார்கள். அது பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். விசிறி ஒன்று அறைகளின் குளிர்ந்த காற்றைத் தகர வழிகளால் இழுத்து, உலையின் சூடேறிய உலோக அறைமேல் செலுத்தி, மீண்டும் வேறு தகர வழிகளால் அறைகளுக்கு அனுப்பும். எரிந்த புகைக்குத் தனிக் குழாய். இவ்விரு பாதைகளும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

சூட்டுக்காற்று போகும் வழியில் விரிசல் இருந்தால் பணம் வீணாகும். உலைக்கு அருகே குளிர்காற்றை இழுத்துவரும் வழியில் விரிசல் இருந்தாலோ, விசிறி உலையறையின் காற்றையே இழுத்து, புகைக்குழாயின் ஓட்டத்தைத் திருப்பி, நச்சை ஒவ்வொரு படுக்கையறைக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். ஆகவே அவ்வழியின் இணைப்புகளைத்தான் மிகவும் இறுக்கமாக மூட வேண்டும். இவ்வேலையை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும். வெளியே முடியும் குழாய்வாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 2008-ல் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். அவர்கள் பெயரால் 2013-ல் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் எரியும் கருவியுள்ள வீடுகளில் உறங்கும் இடத்தருகே நச்சு வாயு எச்சரிக்கை மணி வைப்பதை அது கட்டாயமாக்கிற்று. பிள்ளைகளுடன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, அந்த மணியைப் பரிசோதித்தாயா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த மணி நமக்கும் கிடைக்கிறது. மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி. விலை பெரும்பாலும் கீஸரைவிடக் குறைவே. ஆனால் அது காவல்காரன் மட்டுமே; புகைக்குழாய்க்கு அது பதிலாகாது.

மயங்கியவரைக் கண்டால்

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் தாயார் சென்ற குளிர்காலத்தில் குளித்து வந்ததும் இரண்டு மூன்று முறை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார். வயது காரணம் என்றார்கள், இரத்த அழுத்தம் என்றார்கள், மாத்திரையும் நடந்தது. விடுமுறை நாட்களில் நிதானமாகக் குளிக்கும் பேரனுக்கும் தலைவலி வரவேதான் கீஸரின்மீது அவர்களுக்கு நினைவு சென்றது. வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு வருவதும், வெளியே போனதும் தெளிவதும் முக்கியமான அடையாளம். சிலருக்கு வலிப்புப் போலவும் வரும்.

எவரேனும் குளியலறையில் மயங்கிக் கிடந்தால், முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு கதவு ஜன்னல்களைத் திறந்து, காஸை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளேயே நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் காப்பாற்றப் போனவரும் விழுவார். 108-க்குத் தொலைபேசி செய்து, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. தாராவி, மாதுங்காவாசிகளுக்குச் சயான் ஆஸ்பத்திரி அருகிலேயே உள்ளது. “காஸ் கீஸர் எரிந்துகொண்டிருந்தது” என்னும் வார்த்தையை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் நாம் வாங்கிவைத்த விரல் கருவியை மாட்டி, அளவு சரியாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அக்கருவிக்குப் பிராணவாயு ஏறிய இரத்தத்துக்கும் நச்சேறிய இரத்தத்துக்கும் வேற்றுமை தெரியாது. இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். கலப்பற்ற பிராணவாயு கொடுப்பதே முதல் சிகிச்சை.

எரியாத சிலிண்டர் காஸ் கசியும் நாற்றம் வந்தால் 1906 என்னும் எண்ணை அழைக்கலாம். குழாய் காஸ் உள்ளவர்கள் தம் பில்லில் அச்சிட்டுள்ள அவசர எண்ணைக் கதவின் பின்புறம் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. சிலிண்டருக்கு வரும் ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

நாம் செய்யத் தக்கது

வாடகைக்கு இருப்போரின் சங்கடம் எனக்குத் தெரியும். சுவரில் துளையிட வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். வெளிச்சுவரில் குழாய் தெரியலாகாது என்று சொசைட்டி சொல்லும். எழுத்து மூலம் கேளுங்கள். உயிர் அபாயம் என்ற காரணத்தையும் எழுதுங்கள். ஒப்பினால் முறைப்படி மாட்டுங்கள். ஒப்பாவிட்டால் கீஸரைக் குழாயின்றி மாட்டுவதற்கு அது அனுமதி ஆகாது. கீஸரே வேண்டாம் என்பதற்கு அது காரணம். ஏற்கெனவே குளியலறைக்குள் மாட்டிவிட்டவர்கள், வெளியே மாற்றும் நாள் வரையில் ஒரு விதியைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். கதவைத் திறந்துவைத்து வாளிகளில் வெந்நீர் பிடித்து, கீஸரை அணைத்து, சில நிமிடம் காற்றாடவிட்டு, பின்னரே கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க வேண்டும். எரியும் கீஸரின் கீழ் எவரும் குளிக்கலாகாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தனித்தனியே அழைத்தால் அங்கீகாரம் பெற்ற தொழிலாளி ஒரு கீஸரைப் பார்க்க வரத் தயங்குவார், செலவும் அதிகம். ஒரு கட்டடத்தில் அல்லது ஒரு சாலில் உள்ள இருபது வீட்டார் சேர்ந்து அழைத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஐப்பசியில் தீபாவளிச் சீட்டுப் பணம் பிரிக்கும் அந்நாட்களிலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகளுக்கு நம் இளைஞர்கள் இருவர் போய், கீஸர் எங்கே இருக்கிறது, குழாய் எங்கே முடிகிறது, ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்து வந்தாலே பெரும் உதவியாகும்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் மின்சார மீட்டர்ப் பெட்டிகளைப் பாதுகாக்கும் முறை பற்றி எழுதுவேன். அதற்குள் நேயர்கள் தத்தம் வீட்டுக் கீஸரின் புகை எங்கே போகிறது என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.